குந்த ஒரு இடம்

ஒரு சின்ன வேலை. படிப்பதை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு உங்கள் சட்டைப் பையையோ ஹேண்ட்பேக்கையோ தொட்டுப் பாருங்கள். சாவி இருக்கிறதா?

இருக்கும். இல்லாவிட்டால் வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும், அல்லது பக்கத்து வீட்டு மாமியிடம் இருக்கும். எங்கேயோ ஓரிடத்தில் உங்களுக்காக ஒரு சாவி இருக்கிறது. அது இல்லாமல் மூன்று நாள் இருந்து பார்த்தால்தான் அதன் எடை தெரியும். எனக்குத் தெரியும். இருந்திருக்கிறேன்.

2002. பி.காம். முடித்துவிட்டு சாத்தூரிலிருந்து சென்னைக்கு பஸ் ஏறி வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் அறையில் நான்காவது ஆளாகத் தங்கியிருந்தேன். வேலை, ஒரு சின்னப் பத்திரிகையில். சம்பளம் 'அடுத்த வாரம்' என்று சொல்லிச் சொல்லியே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார்கள். அறை வாடகையும் இரண்டு மாத பாக்கி. கூட இருந்தவர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மேன்ஷன் மேனேஜர் கதவில் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டார். என் டிரங்குப் பெட்டி மட்டும் வராந்தாவில், பல் விளக்கும் பிரஷ்ஷோடு.

முதல் ராத்திரி மெரினாவுக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்கு போலீஸ்காரர் எழுப்பி விரட்டினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, பைகிராஃப்ட்ஸ் ரோட்டில் பழைய புத்தகக் கடைகள் ஓரமாக உட்கார்ந்தேன். அங்கே மீன்பாடி வண்டியில் படுத்திருந்த ஒருவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பொட்டிய தலைக்கு வச்சிக்கினு தூங்கப் போறியா? வுடிஞ்சா தலைதான் இருக்கும். இப்டி வண்டிக்கு அடில தள்ளு, நான் பாத்துக்கறேன்."

தள்ளினேன். அந்தப் பெட்டிக்குள் என் டிகிரி சர்டிஃபிகேட் இருந்தது. பெயர் தெரியாத ஒருவரை நம்பி என் மொத்த எதிர்காலத்தையும் ஒரு மீன்பாடி வண்டிக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவுக்குப் போன்.

"ரூமு வசதியா இருக்காப்பா?"

"நல்லா காத்து வருதும்மா."

பொய் இல்லை. நல்ல காற்றுதான்!

மூன்றாம் நாள் ரூம்மேட் ஊரிலிருந்து திரும்பி வந்து பாக்கியைக் கட்டினான். என் வீடற்ற வாழ்க்கை அத்தோடு முடிந்தது. ஆனால், அந்த மூன்று நாளில் ஒன்று புரிந்தது. தெருவில் கஷ்டம் படுப்பதில் இல்லை. உடம்பு அசந்தால் கல்லிலும் தூக்கம் வரும். பெட்டியை எங்கே வைப்பது, காலையில் எங்கே போவது, யாராவது "எங்கே தங்கியிருக்கே?" என்று கேட்டால் என்ன சொல்வது... இதெல்லாம்தான் கஷ்டம். வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் மேலே வலது மூலையில் முகவரி எழுத வேண்டுமே, அந்த இரண்டு வரியை எதை வைத்து நிரப்புவது?

வண்டிக்கார அண்ணனை அதன் பிறகும் அவ்வப்போது பார்ப்பேன். டீ வாங்கிக் கொடுப்பேன். அவர் மனைவி பக்கத்திலேயே பூக்கட்டி விற்பார். அப்புறம் எனக்குக் கல்யாணம், குழந்தை, லோன் போட்டு ஃபிளாட்... டீ குறைந்தது. உங்களுக்குத் தெரியாததா?

2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள், வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனேன். மரம் விழுந்து வண்டி நசுங்கிக் கிடந்தது. அண்ணனும் அந்த அம்மாவும் ஒரு கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால், ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டிருந்தது.

பத்திரிகைக்காரனுக்கு நாலு பேரைத் தெரியும் அல்லவா? இரண்டு மணி நேரம் போன் போட்டு, வீடற்றோர் காப்பகத்தில் இடம் வாங்கிவிட்டேன். அவருக்கு ஆண்கள் காப்பகத்தில். அந்த அம்மாவுக்குப் பெண்கள் காப்பகத்தில். நல்ல இடங்கள்தான். சுத்தம் இருந்தது, ஃபேன் இருந்தது, வேளைக்குச் சாப்பாடு, பார்த்துக்கொண்டவர்களும் நல்ல மனிதர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது, என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

பதினோரு நாள். மறுபடி இரண்டு பேரும் அதே ஷட்டர் முன்னால்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏண்ணே, கட்டில் இருக்கு, சாப்பாடு இருக்கு, இன்னும் என்னதான் வேணும்?"

அவர் கோபப்படவில்லை. "படுக்க எடம் குட்த்தாங்க தம்பி, நல்லாத்தான் பாத்துக்கினாங்க. குந்த எடம் எங்க? அவ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நாப்பது வருஷம் ஆச்சு, அவ கையால டீத்தண்ணி குடிக்காம ஒரு நாளு பொழுது வுடிஞ்சதில்ல."

படுக்க இடம் வேறு, குந்த இடம் வேறு. இந்த ஒரு வித்தியாசம் பி.காம். படித்த எனக்குத் தெரியவில்லை.

காப்பகங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவை வந்ததே பெரிய விஷயம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான், பெரிய நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகமாவது வேண்டும், வருஷம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது விதியானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வீடில்லாதவர்கள் 17.7 லட்சம் பேர். 2013-இல் மத்திய அரசு காப்பகத் திட்டம் கொண்டுவந்தபோது, ஒரு ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று வைத்தார்கள். மழையில் நனைந்து, நெஞ்சில் சளி கட்டிச் சாக இருந்த எத்தனையோ பேரை அந்த 50 சதுர அடி காப்பாற்றியிருக்கிறது.

ஆனால், கணக்குப் படித்தவன் புத்தி கணக்கில்தான் போய் நிற்கும். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லித் தருவார்கள்: செலவு இரண்டு வகை. ரெவின்யூ செலவு, கேபிடல் செலவு. ஒன்று, இன்றைக்குச் செய்து இன்றைக்கே தீர்வது. நாளைக்கு மறுபடி செய்ய வேண்டும். இன்னொன்று, ஒரு தடவை செய்தால் பல வருஷம் நின்று பலன் தருவது. காப்பகத்துக் கட்டில் முதல் வகை. இன்று இரவு ஒருவரைப் படுக்க வைக்கிறோம். நாளை இரவும் அதே ஆள், அதே கட்டில், அதே செலவு. பத்து வருஷம் கழித்தும் அவர் 'வீடற்றவர்' என்ற தலைப்பின் கீழேயே இருப்பார்.

இந்தக் கணக்கை ஒரு ஊர் மாற்றி எழுதியது. ஃபின்லாந்து நாட்டுத் தலைநகர் ஹெல்சிங்கி. நான் அங்கே போனதில்லை. வண்டிக்கார அண்ணன் என்னை மடக்கிய பிறகு, 'வேறு எங்காவது வேறு மாதிரி செய்திருக்கிறார்களா' என்று தேடிப் படித்ததில் சிக்கிய ஊர்.

அங்கே அல்ப்பிகாட்டு என்ற தெருவில், சால்வேஷன் ஆர்மி நடத்திய பெரிய விடுதி ஒன்று இருந்தது. 250 படுக்கைகள். பனிக்காலத்தில் தெருவில் படுத்தால் காலையில் உயிரோடு எழுந்திருக்க முடியாத ஊர் என்பதால், அப்படிப்பட்ட விடுதிகள் அங்கே ரொம்ப அவசியம். அதை என்ன செய்தார்கள் தெரியுமா? கூடுதலாக 50 கட்டில் போட்டார்களா? பெயின்ட் அடித்து அமைச்சரை வைத்துத் திறந்தார்களா? ம்ஹூம். உள்ளே இடித்துக் கட்டி, 81 தனி வீடுகளாக மாற்றிவிட்டார்கள். 2012 வாக்கில் வேலை முடிந்தது. வீடு என்றால் சின்னதுதான். ஆனால் தனிக் கதவு, தனிச் சாவி, குடியிருப்பவர் பெயரில் முறையான வாடகை ஒப்பந்தம். வாடகை உண்டு, கட்ட முடியாதவர்களுக்கு அரசு உதவித்தொகையும் உண்டு. அதே கட்டடத்தில் உதவிக்குப் பணியாளர்களும் இருக்கிறார்கள். மருந்து சாப்பிட ஞாபகப்படுத்த, ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக, விண்ணப்பம் நிரப்ப, சும்மா உட்கார்ந்து பேச.

250-இல் 81 போனால் 169. 'மிச்சப் பேர் எங்கே போனார்கள்?' என்று உங்களுக்கும் கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அங்கேதான் சூட்சுமம். ஒரு கட்டடத்தை மட்டும் மாற்றினால் அது இடிப்பு. அந்த ஊர் சுற்றிலும் வீடுகளையும் சேர்த்தது. புதிதாகக் கட்டினார்கள். ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த சாதாரண ஃபிளாட்களை வாங்கி வாடகைக்கு விட்டார்கள். இதற்காகவே 1985-இல் தொடங்கிய 'ஒய் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பு அங்கே இருக்கிறது. இப்படி வீடுகள் சேரச் சேர கட்டில்கள் குறைந்தன. 2008-இல் ஹெல்சிங்கி விடுதிகளில் 550-க்கும் மேற்பட்ட படுக்கைகள். 2016-இல் வெறும் 52.

இன்னொன்றையும் அவர்கள் தலைகீழாக்கினார்கள். அதுவரை அங்கே இருந்தது மாடிப்படி முறை. முதலில் குடியை நிறுத்து, ஒரு படி. அப்புறம் சிகிச்சை எடு, அடுத்த படி. ஒழுங்காக இருந்து காட்டு, இன்னொரு படி. எல்லாம் ஏறி மேலே வந்தால் வீடு. பெரும்பாலானவர்கள் இரண்டாம் படியிலேயே வழுக்கி மறுபடி தெருவுக்கு வந்தார்கள். 2008-இல் தொடங்கிய அரசுத் திட்டம், படிக்கட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு 'முதலில் வீடு' என்றது. குடிப்பவனுக்குமா? ஆமாம், குடிப்பவனுக்கும். யோசித்துப் பாருங்கள், நம் தெருவில் சொந்த வீட்டில் இருப்பவர்களெல்லாம் குடிக்காதவர்களா? வீட்டுக்குள் இருப்பவன் குடித்தால் அது பழக்கம், தெருவில் இருப்பவன் குடித்தால் அது அவன் வீடில்லாமல் போனதற்குக் காரணம். இதுதானே நம் நியாயம்?

ஏதோ தர்ம காரியம் என்று நினைக்காதீர்கள். கணக்கும் போட்டிருக்கிறார்கள். 2011-இல் தாம்பரே நகரத்தில் இப்படி ஒரு குடியிருப்பை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 14,000 யூரோ மிச்சம் என்று வந்தது. இன்றைக்கு நம் பணத்தில் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல்! எப்படி? தெருவில் இருப்பவர் அடிக்கடி அவசர சிகிச்சைக்குப் போவார், ஆம்புலன்ஸ் வரும், போலீஸ் வரும், போதை மறுவாழ்வு மையத்துக்கும் காப்பகத்துக்கும் மாறி மாறிப் போவார். எல்லாம் அரசாங்கச் செலவு. யாரும் ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டிப் பார்க்காததால் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தனியாக வாழும் வீடற்றவர்களின் எண்ணிக்கை ஃபின்லாந்தில் 1987-இல் 17,000-ஐத் தாண்டியிருந்தது. 2023-இல் 3,429. சுபம் என்று போட்டு முடிக்க ஆசைதான். ஆனால் 2024-இல் அது 3,806 ஆக ஏறிவிட்டது. பல வருஷ இறக்கத்துக்குப் பிறகு ஒரு ஏற்றம். வாடகை உதவித்தொகையில் அரசு கைவைத்ததை அங்கே பலரும் காரணமாகச் சொல்கிறார்கள். வீடு கொடுத்தால் போதாது, அதில் இருக்கவும் விட வேண்டும் என்பது அந்தக் கணக்கின் அடுத்த வரி.

இத்தனைக்கும் ஆரம்பம் எது தெரியுமா? 2007-இல் நாலு பேர் கூடி உட்கார்ந்து ஒரு யோசனை எழுதினார்கள். ஒரு பிஷப், ஒரு டாக்டர், ஒரு நகர அதிகாரி, வீட்டு வசதி அமைப்பை நடத்தும் ஒருவர். அதற்கு அவர்கள் வைத்த பெயர், 'கதவில் பெயர்'. என் டிகிரி சர்டிஃபிகேட் இருந்த டிரங்குப் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது. அந்த மூன்று நாளும் என் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அந்தப் பெட்டிதான்.

"அது பணக்கார நாடு சார், அம்பது லட்சத்துச் சொச்சம் ஜனத்தொகை, நம்ம ஊர்ல நடக்குமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. தெருவில் மனநலம் குன்றித் திரியும் பெண்களுக்காக 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய 'தி பேனியன்' பலருக்குத் தெரிந்திருக்கும். அவர்களுக்கும் இதே பிரச்னை வந்தது. குணமானாலும் போக வீடில்லாத பெண்கள் வருஷக்கணக்கில் காப்பகத்திலேயே தங்கிவிட்டார்கள். 2015-இல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டை வாடகைக்கு எடுத்து, நாலைந்து பேர் சேர்ந்து குடித்தனம். சமையல், கடைத்தெரு, கோயில், சண்டை, டி.வி. எல்லாம் உண்டு. உதவிக்குப் பணியாளர்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சமூக மனநல சேவை வழிகாட்டியில், உலகத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன சேவைகளில் நம் சென்னையின் இந்தத் திட்டமும் ஒன்று.

இதுவரை எழுதியது சுலபம். இனிமேல்தான் கஷ்டம்.

2023-இல் எங்கள் அபார்ட்மெண்டில் ஒரு டபுள் பெட்ரூம் ஃபிளாட் காலியானது. ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார். இதே மாதிரி வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தினர் அதை வாடகைக்குக் கேட்டார்கள். நாலு பெண்கள், கூட ஒரு பணியாளர். ஓனருக்குச் சம்மதம். "அசோசியேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கார் பார்க்கிங்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். "குழந்தைங்க விளையாடற இடம்" என்றார் ஒருவர். "ராத்திரி கத்தினா யாரு பொறுப்பு?" என்றார் இன்னொருவர். "ரீசேல் வேல்யூ என்ன ஆகும்?" இது மூன்றாவது. கெட்டவர்கள் இல்லை. வெள்ளத்தின்போது படகில் போய்ப் பால் பாக்கெட் கொடுத்தவர்கள். கடைசியில் செக்ரெட்டரி என்னைப் பார்த்தார். நான்தான் அசோசியேஷன் பொருளாளர். பி.காம். ஆச்சே!

"சார், நீங்க பத்திரிகைக்காரர். நாலும் தெரிஞ்சவர். நீங்க சொல்லுங்க."

அல்ப்பிகாட்டு தெரியும், 250-உம் 81-உம் தெரியும், 14,000 யூரோ தெரியும். பைகிராஃப்ட்ஸ் ரோடு தெரியும். வாயைத் திறந்தேன்.

"மெஜாரிட்டி என்ன சொல்றாங்களோ..." என்றேன்.

அவ்வளவுதான். தீர்மானம் நிறைவேறிவிட்டது. லிஃப்டில் ஏறும்போது மனைவி ஒன்றும் பேசவில்லை. கதவுக்கு முன்னால் நின்று, நான் பாக்கெட்டில் சாவி தேடியபோதுதான் கேட்டாள்.

"மீன்பாடி வண்டி, டிரங்குப் பெட்டின்னு சொல்லுவீங்களே... அதெல்லாம் பத்திரிகைக்கு மட்டும்தானா?"

என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அந்த நிறுவனத்தினர் இரண்டு தெரு தள்ளி ஒரு தனி வீடு பிடித்துவிட்டார்கள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், என்னை மாதிரி நாலும் தெரிந்தவர் இல்லை. "வாடகை கரெக்டா வருமா?" என்று மட்டும் கேட்டாராம். இரண்டு மாதம் தயங்கிவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தேன். வாசலில் கோலம். கொடியில் நாலு நைட்டி. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று என்ன சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருந்தது.

"யாரு? வாங்க. ஏன் வெளிய நிக்கிறீங்க, உள்ள வந்து உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். டீ வந்தது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல். எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

'வாங்க' என்ற வார்த்தையைத் தினமும் எத்தனை தடவை சொல்கிறோம். ஒரு வாசல் இருப்பவரால்தான் அதைச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. காப்பகத்தில் எத்தனை வசதி இருந்தாலும், அங்கே படுத்திருப்பவர் இன்னொருவரை 'வாங்க' என்று கூப்பிட முடியாது. வண்டிக்கார அண்ணன் எனக்கு வண்டிக்கு அடியில் இடம் கொடுத்தார். 'வாங்க' என்று சொல்ல அவருக்குக் கடைசி வரை ஒரு வாசல் கிடைத்ததா தெரியவில்லை. அந்த ஷட்டர் கடை இப்போது மொபைல் ஷோரூம். அவர்கள் இரண்டு பேரையும் கடைக்காரர்கள் யாருக்கும் நினைவில்லை.

உங்கள் அபார்ட்மெண்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு கூட்டம் வரலாம். வந்தால், நான் சொன்னதைச் சொல்லாதீர்கள்.